காயலான் கடைச் சரக்குக்குக் கோடி ரூபாயா?

துருப்பிடித்த தகரத்தைப் போட்டால் பேரீச்சம்பழம் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவில் சில தகரங்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது.

2020 ஜனவரி 10. ஃப்ளோரிடா மாநிலத்தில் கிஸிம்மி என்ற ஊர். மீகம் என்ற ஏல நிறுவனத்தின் மேடைக்கு ஒரு பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் வந்தது. 1968 மாடல். பெயின்ட் மங்கியிருந்தது. பாடியில் அங்கங்கே நசுங்கல், துரு. ஏலத்துக்கு வருகிற கார்களைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருவதுதான் வழக்கம். இதை அப்படியே, இருந்த கோலத்தில் கொண்டுவந்தார்கள். கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய்!

அது ஸ்டீவ் மெக்வீன் நடித்து 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் பறந்த கார். சரி, சினிமா கார், அதனால் விலை என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தச் சினிமாவிலும் தலைகாட்டாத, எந்த நடிகரும் தொடாத கார்களும், எஞ்சின் ஓடாமல், டயர் காற்றிறங்கி, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தும் நிலையில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அது ஏன்? இதே பணத்துக்குப் புத்தம் புதுக் காரே பத்து வாங்கலாமே? வாங்குகிறவர்கள் முட்டாள்களா?

இல்லை. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்தக் கணக்கு புரிந்துவிடும்.

மசில் கார் என்றால் என்ன?

சாதாரணக் குடும்பக் காரின் உடம்பில் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்தால் மசில் கார். அவ்வளவுதான். இந்த வழக்கத்தைப் பெரிதாகத் தொடங்கி வைத்தது பான்டியாக் நிறுவனத்தின் ஜி.டி.ஓ. அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் விதியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். தனி மாடல் என்று சொல்லாமல், இருக்கிற லெமான்ஸ் காருக்கு ஒரு 'ஆப்ஷன்' என்று சொல்லி 389 கன அங்குல எஞ்சினை நுழைத்தார்கள். கூடுதல் விலை 300 டாலருக்கும் குறைவு. முதல் வருடமான 1964-லேயே 32,450 கார்கள் விற்றன. பிறகு மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஃபோர்டு, டாட்ஜ், பிளிமத், ஷெவர்லே எல்லாம் களத்தில் இறங்கின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இவை பணக்காரர்களுக்காகச் செய்த கார்கள் அல்ல. முதல் வேலைக்குப் போன பையன் தவணையில் வாங்கக்கூடிய கார்கள். இருபது வயதுக்காரன் வாரம் முழுக்க ஆலையில் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவு சிக்னலில் பக்கத்துக் காரோடு போட்டி போடுவதற்காக வாங்கியவை. அப்படி ஓட்டுகிற கார் எத்தனை வருடம் உருப்படியாக இருக்கும்?

விற்காமல் கிடந்ததால் அபூர்வம்

"அபூர்வம்" என்றதும், கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சமாகச் செய்து வைத்தார்கள் என்று தோன்றும். இன்றைக்கு 'லிமிடெட் எடிஷன்' என்று விற்கிறார்களே, அந்த மாதிரி. அன்று நடந்தது வேறு. பெரும்பாலான அபூர்வ மசில் கார்கள் யாரும் வாங்காததால் அபூர்வமானவை!

1969 ஷெவர்லே கமாரோ இசட்.எல்.1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கென்று செய்த, முழுக்க அலுமினியத்தால் ஆன 427 கன அங்குல எஞ்சின். இலினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் ஃபிரெட் கிப் என்ற டீலர் இருந்தார். அவர் 50 கார்கள் ஆர்டர் கொடுத்தார். கார்கள் வந்து சேர்ந்தபோதுதான் விலை தெரிந்தது. எஞ்சினுக்கு மட்டுமே 4000 டாலருக்கு மேல். மொத்தத்தில் ஒரு கார் 7200 டாலர் அளவுக்கு நின்றது. சாதாரண கமாரோவின் விலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். யார் வாங்குவார்கள்? பெரும்பாலான கார்களைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். மொத்தம் செய்ததே 69 கார்கள். அவையும் விற்றுத்தீர வெகுநாள் ஆனது.

பிளிமத் ஹெமி குடா கதையும் அதேதான். ஹெமி என்பது கிரைஸ்லரின் 426 கன அங்குல எஞ்சின், கம்பெனி கணக்குப்படி 425 குதிரைத் திறன். 1970-ல் இந்த எஞ்சினுக்கு மட்டும் சுமார் 870 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பெட்ரோலை தண்ணீராய்க் குடிக்கும். மேற்கூரை திறக்கிற கன்வெர்ட்டிபிள் காரை வாங்குகிறவர்கள் கடற்கரையோரம் காற்று வாங்கப் போகிறவர்கள். அவர்களுக்கு எதற்குப் பந்தய எஞ்சின்? ஆகவே ஹெமி எஞ்சினும் கன்வெர்ட்டிபிள் பாடியும் சேர்ந்த கார்கள் 1970-ல் 14, 1971-ல் 11. அவ்வளவுதான். 1971-ன் அந்தப் பதினொன்றில் ஒன்று 2014 ஜூனில் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

டாட்ஜ் சார்ஜர் டேடோனாவும் பிளிமத் சூப்பர்பேர்டும் இன்னும் வேடிக்கை. கழுகு மூக்கு மாதிரி முன்பக்கம், பின்னால் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும் இறக்கை. நாஸ்கார் பந்தயத்தில் ஓட வேண்டுமானால் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்க வேண்டும் என்று விதி. அதற்காகவே 1969-ல் டேடோனா 503 கார்கள் செய்தார்கள். மறு வருடம் சூப்பர்பேர்டு 1900 சொச்சம். பந்தயத்தில் பிய்த்து உதறின. 1970 மார்ச்சில் டலடேகா மைதானத்தில் மணிக்கு 200 மைல் வேகத்தை முதலில் தாண்டியது ஒரு டேடோனாதான். ஆனால் ஷோரூமில்? "இந்த இறக்கையோடு மனைவியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?" என்று ஆட்கள் திரும்பிப் போனார்கள். சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு, சாதாரண ரோடு ரன்னர் காராக மாற்றி விற்றார்கள். இன்று அந்த இறக்கைக்காகத்தான் விலை!

நான்கு பக்கத்திலிருந்தும் அடி

அதற்குள் காலம் மாறியது. இளைஞர்களும் பெரிய எஞ்சினும் சேர்ந்தால் விபத்து என்று கண்ட இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. காரின் மாதத் தவணையைவிட இன்ஷூரன்ஸ் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. 1970-ல் காற்று மாசுக்கு எதிரான சட்டம் கடுமையானது. 1971 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. அதே வருடத்தோடு ஹெமி நின்றது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்த, பெட்ரோல் பங்குகளில் வரிசை. ஒரு காலனுக்குப் பத்து மைல்கூடக் கொடுக்காத காரை யார் வைத்துக்கொள்வார்கள்? 1974-ல் பாரகுடா மாடலே முடிந்துபோனது.

அடுத்த பத்து வருடம் இவை வெறும் பழைய கார்கள். சில நூறு டாலருக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் வாங்கினார்கள். மரத்தில் மோதினார்கள். எஞ்சின் வெடித்தால் வேறு எஞ்சினைப் போட்டார்கள். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, வடக்கு மாநிலங்களில் பாடியை அடியிலிருந்து தின்றது. மிச்சம் நசுக்கும் இயந்திரத்துக்குப் போனது. ஏற்கனவே கொஞ்சமாக இருந்தது, இன்னும் கொஞ்சமானது.

எண்ணைத்தான் வாங்குகிறார்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வரலாம். துருப்பிடித்த காரை வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

1969 கமாரோவுக்குப் புதிய பாடியே இன்று கிடைக்கிறது. ஆமாம், கதவு, பானட், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் புதிதாக அச்சடித்த முழுப் பாடி. சீட் துணி, ஸ்டியரிங், சின்னங்கள், ரப்பர் பீடிங் என்று எல்லாவற்றுக்கும் மறுபடி செய்கிற கம்பெனிகள் உண்டு. துரு இன்று பணத்தால் தீர்கிற பிரச்சினை. தீராத பிரச்சினை ஒன்றுதான், அந்தக் காரின் அடையாள எண்.

முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னத் தகடு. பிளிமத் காரில் அந்த எண் 'பி.எஸ்.27.ஆர்' என்று தொடங்கினால் பாரகுடா வகை, குடா ரகம், கன்வெர்ட்டிபிள், ஹெமி எஞ்சின் என்று பொருள். அந்த 'ஆர்' என்கிற ஒரே எழுத்துக்காகத்தான் சண்டை. அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்தால், அதே பாடி, அதே வருடம், அதே பெயின்டாக இருந்தாலும் விலை பல மடங்கு இறங்கிவிடும்.

அடுத்து எஞ்சின். 60-களின் கடைசியில் வந்த கார்களில் எஞ்சின் பிளாக்கிலும் கியர் பாக்ஸிலும் அந்த எண்ணின் கடைசிப் பகுதியைக் குத்தி வைத்திருப்பார்கள். காரின் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போனால் 'நம்பர்ஸ் மேட்சிங்'. பிறந்தபோது இருந்த அதே இதயம் என்று அர்த்தம். எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அது அந்த எஞ்சினாக இருக்க வேண்டும்.

சரி, எழுத்தும் எண்ணும் சொல்லாத கார்கள்? 1970 ஷெவல் எஸ்.எஸ். ஒரு நல்ல உதாரணம். அதன் அடையாள எண்ணில் அது எஸ்.எஸ். என்று சொல்லும் எந்தக் குறியும் இல்லை. எட்டு சிலிண்டர் வைத்த சாதாரண மாலிபுவின் எண்ணும் அப்படித்தான் தொடங்கும். 1964 ஜி.டி.ஓ.வுக்கும் இதே கதி. அது வெறும் 'ஆப்ஷன்' அல்லவா! ஆகவே சாதாரணக் காரை வாங்கி, சின்னம் ஒட்டி, பெரிய எஞ்சின் வைத்து, அசல் என்று விற்கிற கூட்டம் கிளம்பியது. 'இது நகல்தான்' என்று சொல்லி விற்றால் குற்றமில்லை, அதற்கும் ஆள் உண்டு. சொல்லாமல் விற்றால் வாங்கினவர் தலையில் துண்டு.

அதனால்தான் காகிதம் பெரிதாகிறது. டீலர் கொடுத்த பில், வாரன்டி அட்டை, ஆலையில் ஒவ்வொரு காரோடும் போன 'பில்ட் ஷீட்' என்ற தயாரிப்புத் தாள். அந்தத் தாளைத் தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் சீட்டு ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டாங்க் மேலோ செருகிவிட்டுப் போவார்கள். ஐம்பது வருடம் கழித்து அதைக் கண்டுபிடிக்கிறவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. ஃபோர்டு கார்களுக்கு 1967-லிருந்து கம்பெனியின் பழைய பதிவுகளை வைத்து 'மார்டி ரிப்போர்ட்' என்று சான்று தருகிறார்கள்.

கெட்ட நிலைமை எப்படி நல்லதாகிறது?

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முழுதாகச் சரிசெய்த ஒரு அபூர்வக் கார் 10 லட்சம் டாலருக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவை வெட்டி, டிங்கரிங் பார்த்து, எஞ்சினைப் பிரித்து மாட்ட 2 லட்சம் ஆகட்டும். அப்படியானால் ஷெட்டில் கிடக்கும் அந்தத் துருப்பிடித்த காருக்கு 6, 7 லட்சம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. இப்போது ஒரு சாதாரண மாலிபு. சரிசெய்தால் 30 ஆயிரம் போகும். சரிசெய்ய ஆகும் செலவோ 80 ஆயிரம். அந்த மாலிபுவுக்குப் பேரீச்சம்பழம்தான். துரு ஒன்றுதான், டிங்கர் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முடிவில் கிடைப்பதுதான் வேறு. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொன்னவர்கள் பூனைக்கு அப்படிச் சொல்லவில்லையே.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது. பளபளப்பாக இருக்கிற காரை நம்பவே முடியாது. பெயின்டுக்கு அடியில் எவ்வளவு பட்டி பூசியிருக்கிறது, எந்தக் கதவு எந்தக் காரிலிருந்து வந்தது, எண்ணை யாராவது தேய்த்துப் புதிதாகக் குத்தினார்களா என்று யாருக்குத் தெரியும்? தொடாமல் கிடந்த கார் பொய் சொல்லாது. ஆலையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட குறி, ஒழுங்கில்லாத வெல்டிங், அசல் ஸ்க்ரூ எல்லாம் அப்படியே சாட்சி சொல்லும். சேகரிப்பவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு: ஒரு கார் ஒரே ஒரு தடவைதான் அசலாக இருக்க முடியும்.

புல்லிட் மஸ்டாங்கையே பாருங்கள். 1974-ல் நியூ ஜெர்சிக் குடும்பம் ஒன்று அதைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கியது. வீட்டம்மா அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். 1977-ல் மெக்வீனே திருப்பித் தரச்சொல்லிக் கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. 1980 வாக்கில் கிளட்ச் போனது. ஓரமாக நிறுத்தினார்கள். அப்பாவும் மகனும் ஒருநாள் சரிசெய்யலாம் என்று நினைத்தார்கள், அதற்குள் அப்பா இறந்துவிட்டார். 2018-ல் மகன் அதை உலகத்துக்குக் காட்டியபோது, படப்பிடிப்புக்காகக் கேமரா மாட்ட வெல்டிங் செய்த பாகங்கள் பாடியின் அடியில் அப்படியே இருந்தன. நல்ல மனசோடு ஒரு மெக்கானிக் அதையெல்லாம் வெட்டியெறிந்து புதுப் பெயின்ட் அடித்திருந்தால்? கார் அழகாகியிருக்கும். சாட்சி போயிருக்கும்.

படத்தில் குதித்துக் குதித்து அடிவாங்கிய இன்னொரு மஸ்டாங்குக்குக் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. மெக்சிகோவில் எஞ்சின்கூட இல்லாமல், வெள்ளை பெயின்டோடு கிடந்தது. வேறொரு சினிமாக் காரின் நகலாக மாற்ற எடுத்துப் போனார்கள். 2017-ல் யாரோ எண்ணைச் சரிபார்த்ததால் தப்பியது. முதல் காரின் எண் 125559 என்று முடிகிறது. இது 125558.

எல்லாத் துருவும் தங்கமல்ல

இதைப் படித்துவிட்டு யாரும் கடன் வாங்கிப் பழைய கார் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அலபாமா மாநிலத்தில் ஒரு ஷெட்டில் பல வருடம் கிடந்த சிவப்பு டேடோனா ஒன்று 2016 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் எதிர்பார்த்தார்கள், சுமார் 90 ஆயிரத்தில் நின்றது. நான்காயிரம் டாலர் காருக்கு அதுவே பெரிய விலைதான். ஆனால் அது ஹெமி அல்ல. 503 டேடோனாக்களில் ஹெமி வைத்தவை 70 மட்டுமே. மற்றவை 440 எஞ்சின் வைத்தவை. துரு விஷயத்தில் சந்தை கண்ணை மூடிக்கொள்கிறது, எஞ்சின் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. தவிர, 2008 பொருளாதாரச் சரிவில் மசில் கார்களின் விலை சறுக்கி, உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட கதைகளும் உண்டு.

விலையை ஏற்றியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1970-ல் பதினெட்டு வயதில் ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தவர்கள்தான். அன்று பணமில்லை. பணம் வந்தபோது கார் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டும் கூடி வந்தபோது என்ன விலையும் கொடுத்தார்கள். அவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அந்த ஜன்னல் ஞாபகம் கிடையாது. அவர்கள் எதற்காக வாங்குவார்கள் என்பதில்தான் இந்தக் கார்களின் நாளைய விலை இருக்கிறது.

ஆலைத் தொழிலாளி தவணையில் வாங்கட்டும் என்று செய்த காரை இன்று ஆலை முதலாளியால்தான் வாங்க முடிகிறது என்பது ஒரு வருத்தமான வேடிக்கை. இருந்தாலும் அந்த விலைக்கு ஒரு புண்ணியம் உண்டு. விலை ஏறியதால்தான் மிச்சமிருந்தவை நசுக்கும் இயந்திரத்துக்குப் போகாமல் நின்றன. விலை ஏறியதால்தான் ஒரு ஷெட்டைத் திறக்கிறவர் உடனே எதையும் கழற்றாமல், முதலில் பின் சீட்டை மெதுவாகத் தூக்கி, ஸ்பிரிங்குக்கு நடுவே கைவிட்டுத் துழாவுகிறார். எலி கடித்து மிச்சம் வைத்த ஒரு துண்டுக் காகிதம் அங்கே இருக்கலாம்.